அறுபத்தொன்பது ஈரத்தில் ஒரு சுருட்டுப் பெட்டி

எனக்குச் சுருட்டு மணம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை வாசித்துவிட்டு நான் சுருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஊர் கதைக்கும். நான் கேக் செய்து விற்கிறவள். வனிலா மணக்க வேண்டிய என் வீட்டில், ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசறுத் தொழுகை முடிந்ததும் புகையிலை மணக்கத் தொடங்கிவிடும். அதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் என் வாப்பா. மற்றவர் என் கணவரின் வாப்பா, அதாவது என் மாமா.

வாப்பா நெல் வியாபாரி. மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களில் நெல் வாங்கி ஆலைக்குக் கொடுப்பவர். கல்முனையில் எங்களோடுதான் இருக்கிறார். மாமாவுக்கு மருதமுனையில் கைத்தறிகள் இருக்கின்றன. மாமி தன் வீட்டுக்குள் புகையை விடமாட்டா என்பதால், மாமா மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு பேரும் முன் விறாந்தையில் இரண்டு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு யாழ்ப்பாணத்துச் சுருட்டைப் பத்த வைப்பார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை கதை நடக்கும். சம்மந்திகள் என்றாலும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இவர்கள் இரண்டு பேரும் எந்த விஷயத்திலும் பெரிதாகச் சண்டை பிடித்ததில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. சுருட்டை எப்படி வைக்க வேண்டும்?

வாப்பாவின் வாழ்க்கை முழுக்க ஈரத்தோடு சண்டைதான். நெல்லை வாயில் போட்டுக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் வாங்குவார். நசிந்தால் துப்பிவிட்டு நடப்பார். ஈரம் என்றால் பூஞ்சணம், ஈரம் என்றால் முளை, ஈரம் என்றால் நட்டம். மாமாவுக்கு எல்லாம் தலைகீழ். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், அந்தச் சூட்டில் நூல் காய்ந்து, தறியில் படக் படக்கென்று அறுந்துபோகும். அதனால் தறிக் கொட்டிலின் மண் தரையில் தண்ணீர் ஊற்றி, யன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுத்தான் நெய்வார்கள். வறட்சிதான் அவருக்கு எதிரி. எனவே வாப்பாவின் சுருட்டு சட்டைப் பையில் மொறுமொறுவென்று இருக்கும். மாமா தன் சுருட்டைத் தறிக் கொட்டிலில் வைத்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வருவார். அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அணையும். அணைந்தால் என்ன, திரும்பப் பத்த வைப்பார். தீப்பெட்டி என் குசினியிலிருந்துதான் போகும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குள் குண்டைத் தூக்கிப் போட்டவர் என் கணவர். கட்டாரில் வேலை. போன வருஷம் லீவில் வந்தபோது, அவருடைய முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்தார். உள்ளே வெளிநாட்டுச் சுருட்டு. ஒவ்வொன்றும் என் பெருவிரல் தடிப்பு, தங்கக் கடதாசியில் மோதிரம் வேறு. "ரெண்டு வாப்பாமாருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டு, லீவு முடிந்ததும் மனுசன் பிளேன் ஏறிப் போய்விட்டார். பெட்டி என் வீட்டில்.

மூடிக்குள் ஒரு சின்னப் பாக்கெட் இருந்தது. வாப்பா அதைத் தட்டிப் பார்த்தார். சுருட்டு ஒன்றை எடுத்து அமுக்கினார். அது மெத்தென்று அமுங்கி எழும்பியது. அவர் முகம் மாறிப்போனது.

"மகள், இந்தப் பாக்கெட்டுல என்ன எழுதியிரிக்கி?"

"அறுபத்தொன்பது வீதம் எண்டு இரிக்கி வாப்பா. ஈரப்பதனாம்."

"எத்தின?"

"அறுபத்தொன்பது."

வாப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நெல்லுல ஈரம் பதினாலுக்கு மேல போனா ஆலைக்காரன் லொறியத் திருப்பி அனுப்புறான். இவனுகள் அறுபத்தொன்பதுல வெச்சுக்கிட்டு, அதப் பெருமையா எழுதியும் இரிக்கானுகள்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கே அப்போது தெரியாது. அந்த எண் சுருட்டு இலைக்குள் இருக்கிற ஈரமில்லை, பெட்டிக்குள் இருக்கிற காற்றின் ஈரம் என்று பிறகுதான் என் கணவர் போனில் விளங்கப்படுத்தினார். அந்த முதலாளி இதற்கென்றே ஒரு கண்ணாடி அலுமாரி வைத்திருக்கிறாராம். வரும்போதே சொல்லியிருந்தால் என்ன என்று நான் கேட்ட கேள்விக்கு, லைன் சரியில்லை என்று பதில் வந்தது.

அடுத்த நாள் காலையில் நான் ஒரு கல்யாணக் கேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாப்பா பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, மேல் தட்டுக்கு ஏறி, நெல் காயப் போடுகிற படங்கை விரித்து, வெளிநாட்டுச் சுருட்டு அத்தனையையும் வெயிலில் பரப்பிவிட்டார். நல்ல கச்சான் காற்று. போதாததற்கு, நெல்லைக் கிண்டுவதுபோல் நேரத்துக்கு நேரம் போய்ப் புரட்டியும் விட்டிருக்கிறார். எனக்கு அசறு நேரத்தில்தான் தெரியும். மாமாவுக்கும் அப்போதுதான் தெரியும்.

மாமா மேல் தட்டில் நின்று படங்கைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது? சுருட்டா, கருவாடா?"

"ஈரம் கக்கிக்கிட்டு கிடந்திச்சி மச்சான். ரெண்டு வெயில் பட்டாச் சரியாகும்."

"இலை வெடிச்சிரும். நூலை வெயில்ல போட்டுட்டு நெய்யச் சொல்லுற மாதிரி இரிக்கி உங்கட கதை."

"உங்கட கொட்டிலுக்க நெல்லு வெச்சா நாளைக்கே முளைச்சிரும். ஈரத்தப் பத்தி நீங்களா எனக்குப் படிப்பிக்கிற?"

"பெட்டி ரெண்டு பேருக்கும் வந்தது. ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாப்பாவின் வாய் சும்மா இருக்காது. "என்ட வீட்டுல என்ட முறைதான்" என்றார்.

சம்மந்தியைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லா அது? மாமா குனிந்து, தன் பங்குக்குப் பாதிச் சுருட்டை எண்ணாமல் பொறுக்கி, ஒரு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு இறங்கினார். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. மோட்டார் சைக்கிள் போன சத்தம் கேட்ட பிறகுதான் வாப்பாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். "வெயிலுக்க நிண்டா மனிசனுக்குக் கோவம் வரும்தான்" என்றார், யாருக்கென்று தெரியாமல்.

மறுநாள் மாமா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

வாப்பா தன் பங்குச் சுருட்டுகளை ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்திருந்தார். விறாந்தையில் தனியே உட்கார்ந்து ஒன்றைப் பத்த வைத்தார். அது சடசடவென்று சத்தம் போட்டது. மேல் இலை வெடித்து உரிந்தது. வைக்கோல் எரிகிற மாதிரி எரிந்து, புகை சூடேறி அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. சாம்பல் விழுந்து சாரத்தில் ஓட்டை. தேத்தண்ணீர் ஆறுவதற்கு முதலே சுருட்டு முடிந்துபோயிற்று.

"எப்பிடி வாப்பா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா எரியிது," என்றார், இருமிக்கொண்டு.

சுருட்டு முடிந்த பிறகு மஃரிபுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. அந்த நேரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கேற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் கழுத்து நீளும். மீன்காரன் போவான். ரியூஷன் பிள்ளைகள் போவார்கள். வாப்பா திரும்பவும் சாய்ந்துகொள்வார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. உம்மா மௌத்தான பிறகு வாப்பா வீட்டுக்குள் கதைப்பதே குறைவு. ஓம், இல்லை, சோறு போடு, விளக்கை அணை. ஒரு நாளில் அவர் கதைக்கிற கதையெல்லாம் அசறுக்கும் மஃரிபுக்கும் இடையில்தான், அதுவும் மாமாவோடுதான். நெல் விலை, நூல் விலை, யார் வீட்டுக் கல்யாணம், உம்மா முந்தி ஆக்குகிற பால்சோறு. அதையெல்லாம் எங்களோடு கதைக்க மாட்டார். இப்போது அந்த வாசலும் அடைபட்டுப்போனது. இராச் சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் எழும்பினார். இந்த மனுசன் இப்படியே பேச்சில்லாமல் ஒடுங்கிப்போவாரோ என்று எனக்கு நெஞ்சு பதறியது. பதற்றம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்து என் கணவருக்கு நல்லாக் கொடுத்தேன்.

"நான் என்ன செய்யிற? ரெண்டு பேரும் வாப்பாமார்," என்றார் அவர்.

"சொக்கலேட் கொண்டு வந்திரிந்தா இந்தக் கரைச்சல் வந்திரிக்குமா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அந்தக் கிழமையே, பெருநாள் சாரிக்கு ஓடர் கொடுக்கிற சாட்டில் மருதமுனைக்குப் போனேன். மாமா தறிக் கொட்டிலில் இருந்தார். மூலையில் ஒரு மண்பானை, அதற்கு மேல் ஈரத் துணி. திறந்து பார்த்தேன். அவருடைய பங்குச் சுருட்டுகள் ஊதிப்போய்க் கிடந்தன. மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"மாமா, இது பூஞ்சணம்."

"பூஞ்சணமில்ல புள்ள. பாவு நூலுக்குப் போடுற கஞ்சிமா பறந்து பட்டிரிக்கும்."

"மாவுக்கும் பூஞ்சணத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மாவுலதானே என்ட பிழைப்பு."

மனம் கேட்காமல், எனக்கு முன்னாலேயே ஒன்றைப் பத்த வைத்துக் காட்டினார். குச்சி குச்சியாகச் செலவானது. கடைசியில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மற்றப் பக்கம் பச்சையாகக் கிடந்தது. புளித்த மணம். பிறகு அதுவும் அணைந்தது. அணைந்ததைப் பற்றி மாமா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தன் கொள்கையில் மனுசன் இவ்வளவு உறுதியா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "மாமா, வாப்பா சொன்னது பிழை. ஆனா அது வாப்பாட வீடில்ல, என்ட வீடு. சீதனத்துக்கு எனக்கு எழுதின வீடு. உறுதியில என்ட பேர்தான் இரிக்கி, வேணுமெண்டா கொண்டு வந்து காட்டுறன். நான் கூப்பிடுறன். நீங்க வாங்க."

தறியில் இருந்த மாமி சிரித்துவிட்டா. "போங்க. நீங்க பின்னேரத்துல வீட்டுல இரிந்து என்ட நூலுக்குக் குறை சொல்லுறதக் கேக்க எனக்கு ஏலா."

மாமா வெள்ளிக்கிழமை வந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாப்பா எழும்பி, தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி, "தேத்தண்ணி ஆறப்போகுது மச்சான்" என்றார். மாமா உட்கார்ந்து குடித்தார். எங்கள் குடும்பத்தில் இதற்குமேல் மன்னிப்பு இல்லை. யன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் கண் கலங்கியது.

சுருட்டை நான் பறிமுதல் செய்தேன். இரண்டு பங்கையும்தான். மாமாவின் பங்கில் மோசமானவற்றை எறிந்துவிட்டு, மற்றவற்றைக் காய்ந்த துணியால் துடைத்தேன். வாப்பாவின் பங்கில் வெடித்தவற்றைக் கழித்தேன். மிச்சம் எல்லாவற்றையும் ஒன்றாக, கேக் போடுகிற இறுகின மூடி டின் ஒன்றில் கலந்து வைத்தேன். ஈரத்தோடும் வறட்சியோடும் நானும்தான் மாரடிக்கிறேன். மாரி மழையில் ஐசிங் இறுகாது. கச்சானில் சிவப்புச் சீனி கல்லாகும். கல்லான சீனிக்குள் ஒரு துண்டு பேக்கரிப் பாணை வைத்து மூடினால் பாண் வறளும், சீனி இளகும். காய்ந்த சுருட்டும் நனைந்த சுருட்டும் ஒரே டின்னுக்குள் கிடந்தால் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிச் சமமாகும் என்பது என் கணக்கு. நான் சொல்லும்வரை யாரும் டின்னைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். அதுவரை பழையபடி ஆளுக்காள் தங்கள் யாழ்ப்பாணத்துச் சுருட்டைக் கொண்டு வந்தார்கள்.

ஒரு மாதம்போல் கழித்துத் திறந்தேன். விரலால் அமுக்கினால் அளவாக விட்டுக்கொடுத்தது. காதுக்குப் பக்கத்தில் உருட்டினால் சத்தமில்லை. ஆளுக்கொன்று கொடுத்தேன்.

வாப்பாவின் சுருட்டு அழகாக எரிந்தது. சுற்றிவர ஒரே மட்டத்தில் நெருப்பு. சாம்பல் விழாமல் வெள்ளையாக நின்றது. புகை சூடில்லை, அவர் இருமவும் இல்லை. பாங்கு சொல்லும்வரை தாக்குப்பிடித்தது. "நான் வெயில்ல போட்டதாலதான் இந்த எரி எரியிது" என்றார். "நான் ஈரத்துல வெச்சதாலதான்" என்றார் மாமா. டின் வைத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகட்டும்.

ஆனால் மாமாவின் சுருட்டு அணைந்தது. பத்த வைத்தார், திரும்பவும் அணைந்தது. அடுத்த நாளும் அதே கதை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரே டின், ஒரே ஈரம். ஒன்று பாங்குவரை எரிகிறது, மற்றது பாதியில் செத்துப்போகிறது என்றால் என் கணக்கில் எங்கேயோ பிழை. கேக் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் வேகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அன்று இருவரும் தொழப் பள்ளிக்குப் போன பிறகு, மாமா விட்டுப் போன பாதிச் சுருட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டி, வாய் வைத்த பக்கத்தையும் வெட்டி, காஸ் அடுப்பில் பிடித்து, எதைத் தொடங்கினாலும் சொல்கிற பிஸ்மியைச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். தலை சுற்றியது, வயிறு குமட்டியது, மூக்காலும் கண்ணாலும் ஒழுகியது. ஆனால் சுருட்டு எரிந்தது. வாப்பாவுடையதைப் போலவே வட்டமாக, மட்டமாக எரிந்தது. அப்படியென்றால் சுருட்டில் பிழையில்லை.

மறுநாள் யன்னலால் மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்த வைத்தார். வாய்க்குக் கொண்டுபோனார். உதட்டில் வைத்தார். கன்னம் உள்ளே போகவே இல்லை. எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வாப்பாவின் கதையைக் கேட்டார். நெருப்பு மெல்ல மெல்ல மங்கியது. அணைந்ததும், "சே, ஈரம்" என்று சொல்லித் தீப்பெட்டியைத் தேடினார்.

அவர் போகும்போது கேற்றடியில் மறித்தேன்.

"மாமா, நீங்க சுருட்டு இழுக்கிறதே இல்ல."

அவர் முதலில் விறாந்தைப் பக்கம் பார்த்தார். வாப்பா உள்ளே போயிருந்தார்.

"மெல்லக் கதைங்க புள்ள. முந்தி நெஞ்சு நோ எண்டு போனேனே, வாயு எண்டு சொன்னேன். வாயு இல்ல. டொக்டர் சுருட்ட விடச் சொல்லிட்டார். அண்டைக்கே விட்டுட்டன்."

"அப்ப வாப்பாட்டச் சொல்லுறதுதானே?"

"சொன்னா? பிறகு நான் என்னத்துக்கு இஞ்ச வாற? சும்மா வந்து குந்தினா, பாவம் பாத்து வாறான் எண்டு நினைப்பார். உங்கட உம்மா போன பிறகு ஊரே பாவம் பாத்ததுல அவர் எவ்வளவு வெந்து போனார், உங்களுக்குத் தெரியாதா? சுருட்டுக்கு வாறன் எண்டா கேள்வி இல்ல."

"அதுக்காகவா அந்த ஈரத் துணி, பானை எல்லாம்?"

"ஈரமா இரிந்தாத் தானா அணையும். ஆரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க. காஞ்சது இழுக்காட்டியும் எரிஞ்சிக்கிட்டே போகும். அண்டைக்கு உங்கட வாப்பா அவ்வளவத்தையும் வெயில்ல போட்டிரிந்தாரே, இனி என்ன சொல்லித் தப்புற எண்டு யோசிச்சன்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. நெஞ்சு வருத்தத்தோடு புகைக்குள் வந்து குந்துகிற மனுசனை என்ன சொல்வது? "இனிமேல் காத்து வாற பக்கம் கதிரையப் போட்டு இரிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அன்றிலிருந்து என் குசினியில் இரண்டு டின். பெரிய டின் வாப்பாவுக்கு, ஒழுங்கான ஈரத்தில். சின்ன டின்னுக்குள் மூடியோடு சேர்த்து ஒரு ஈரத் துணித் துண்டு, அது மாமாவுக்கு. கஷ்டப்பட்டுச் சரியாக்கிய நல்ல சுருட்டை நானே கெடுத்தேன். ஒன்று எவ்வளவு நனைந்தால் பத்தும், எவ்வளவு நனைந்தால் நிற்காது என்று இப்போது எனக்கு அத்துப்படி. ஓடர் எடுக்கலாம், அவ்வளவுக்கு. வாப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. மாமாவின் சுருட்டை நானே எடுத்துக் கொடுப்பேன். வாப்பா ஒருநாளும் குசினிக்குள் வருகிறவரில்லை என்பது வசதி.

இந்த வருஷக் கச்சான் தொடங்கி, ஒரு பின்னேரம். சூட்டில் என் ஐசிங் தட்டோடு ஒட்டி வறண்டுகொண்டிருந்தது. வியர்த்து வழிந்து நின்ற எனக்குப் பின்னால் வாப்பாவின் குரல் கேட்டது. குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள், காத்து நல்லா வீசுது. அந்தச் சின்ன டின்னுத் துணி காஞ்சிரிக்கும்."

நான் திரும்பவில்லை. "எந்த டின் வாப்பா?"

"மாமாட டின். ஒருக்கா நனைச்சி வை. காஞ்சி போனா அணையாது. அணையாட்டி அந்த மனிசன் எனக்காக இழுக்கப் பாப்பார்."

கையில் இருந்த கரண்டியை வைத்தேன். "எப்ப இரிந்து தெரியும் வாப்பா?"

"நான் கேட்டா அவர் வரமாட்டார்," என்றார். "நீயும் கேக்காத."

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வாப்பா சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு விறாந்தைக்கு விரைந்தார். நான் டின்னைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது. தண்ணீரில் தோய்த்துப் பிழியும்போது வெளியிலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது: "மகள், நல்ல ஈரமாப் பாத்து மாமாக்கு ஒண்டு கொண்டு வா."